கர்ணன் கட்சிக்காரர்களுக்கு

கர்ணனைக் குறைத்துப் பேசிவிட்டு இந்தத் தமிழ்நாட்டில் ஒருவன் நிம்மதியாகத் தூங்க முடியாது என்பதை இந்த ஐப்பசியில்தான் தெரிந்துகொண்டேன். கடவுள் இல்லை என்று சொல்லுங்கள், பொறுமையாகக் கேட்டுக்கொள்வார்கள். கம்பனுக்குக் கவிதை வரவில்லை என்று சொல்லுங்கள், சிரித்துவிட்டுப் போவார்கள். கர்ணன் அர்ஜுனனைவிடப் பலசாலி அல்ல என்று மட்டும் சொல்லிப் பாருங்கள்! எனக்குப் பதினேழு கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றில் விலாசமும் இல்லை, கையெழுத்தும் இல்லை. ‘நீர் சோற்றுக்கு நன்றி இல்லாதவர்’ என்று ஒரே ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றப் பதினாறு பேருக்கும் இதிலேயே பதில் கிடைத்துவிடும்.

நடந்தது இதுதான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆயுத பூஜைக்கு என்னை அழைத்திருந்தார்கள். திருப்பூர் ஆயுத பூஜையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வருஷம் முழுவதும் ஓயாத ஊர் அன்றைக்கு ஒரு நாள் குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஓவர்லாக் மெஷினுக்குச் சந்தனம், கட்டிங் டேபிளுக்கு மாலை, வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய், கை நிறையப் பொரி கடலை. பூஜை முடிந்ததும் தொழிலாளர்களுக்குள்ளேயே ஒரு பட்டிமன்றம். தலைப்பு, ‘பாரதத்தில் பெரும் பலசாலி கர்ணனா, அர்ஜுனனா?’ நான் நடுவர். நாவல் எழுதுகிறவன் நியாயம் சொல்லத் தகுதி உள்ளவன் என்று எப்படியோ நம் ஜனங்கள் நம்பிவிட்டார்கள். நானும் மறுத்துச் சொல்லவில்லை.

இந்த மாதிரி வாதங்களை வெட்டிப் பேச்சு என்று முகம் சுளிக்கிற படிப்பாளிகளைச் சேர்ந்தவன் அல்ல நான். நமக்கு இது ரத்தத்தில் ஊறிய காரியம். தஞ்சாவூர்ப் பக்கத்தில் காமன் பண்டிகையில் மன்மதன் எரிந்தானா எரியவில்லையா என்று எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டாகப் பிரிந்து லாவணி பாடி விடிய விடியச் சண்டை போட்டவர்கள் நாம். 1939-ல் காரைக்குடியில் சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்கியதிலிருந்து, வாலியைக் கொன்றது சரியா, கும்பகர்ணன் பெரியவனா வீடணன் பெரியவனா என்று அறிஞர்கள் மேடையேறி வழக்காடியிருக்கிறார்கள். அதே கம்பெனியில், பிரிண்டிங் பகுதிப் பையன்கள் ஸ்பைடர்மேனையும் ஹல்க்கையும் சட்டைகளில் அச்சடித்துக்கொண்டே யார் யாரை அடிப்பான் என்று சாப்பாட்டு வேளையில் சண்டை போடுகிறார்கள். (எந்த மாவீரனாக இருந்தாலும் அச்சுக் கூலி ஒன்றுதான் என்று அவர்களில் ஒருவன் என்னிடம் சொன்னான்.) என் தலைமுறைக்கு, 1972-ல் முத்து காமிக்ஸ் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவிதான் கடவுள். மின்சாரம் பாய்ந்தால்தான் மனிதர் மறைவார். 2012-ல் தமிழ்நாட்டில் இருந்த மின்வெட்டில் அவர் திருப்பூருக்கு வந்திருந்தால், பாவம், ஜெனரேட்டர் வாடகைக்குத்தான் அலைந்திருக்க வேண்டும்.

ஆகவே வாதம் செய்வது தப்பில்லை. ஆனால் யாரைப் பலசாலி என்கிறோமோ அவன் கால்மாட்டில் நாமும் கொஞ்சம் உட்கார்ந்துவிடுகிறோம். அது எனக்குத் தெரியும். அதனால்தான் தீர்ப்பை விளையாட்டாகச் சொல்லவில்லை.

கர்ணன் கட்சிக்குப் பேசியவர் ஒரு கட்டிங் மாஸ்டர். ஐம்பது வயது இருக்கலாம். அடடா, என்ன பேச்சு! பிறந்ததும் ஆற்றில் விட்டார்கள். வித்தை கற்கப் போனால் சாபம். சபையில் நின்றால் ‘நீ யார் பிள்ளை?’ என்ற கேள்வி. கவசத்தை இந்திரன் பிடுங்கினான். வரத்தைப் பெற்ற தாயே பிடுங்கினாள். தேர்ச் சக்கரத்தைப் பூமி பிடுங்கியது. “இத்தனையும் பிடுங்கின பிறகும் அவனைக் கொல்லக் கடவுள் வரவேண்டியிருந்ததுங்களே! அப்ப யாருங்க பலசாலி?” என்று அவர் கேட்டபோது ஓவர்லாக் அடிக்கிற பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கும் தொண்டை அடைத்தது. பொய் சொல்ல மாட்டேன்.

இதில் பாதிக் கண்ணீர் பி. ஆர். பந்துலுவுக்குச் சேரவேண்டியது. 1964-ல் அவர் எடுத்த ‘கர்ணன்’ படத்தில் சிவாஜி கணேசன் அம்பு தைத்துச் சாய்ந்த அன்றைக்கே தமிழ்நாட்டில் அர்ஜுனன் தோற்றுப் போனான். 2012-ல் அதே படத்தைப் புதுப்பித்துத் திரையிட்டபோதும் கூட்டம் அலைமோதியது. வியாசரும் வில்லிபுத்தூராரும் சேர்ந்து வந்து சாட்சி சொன்னாலும் சிவாஜியின் கண்ணை எதிர்த்து ஜெயிக்க முடியாது. சூத புத்திரன் என்று நடுச்சபையில் ஒருவனை அவமதித்தால் அவன் பக்கம் நெஞ்சு சாயாதவன் மனிதனே அல்ல. அதிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஆனால் கேள்வி என்ன? யார் பாவம் என்பதா, யார் பலசாலி என்பதா? கட்டிங் மாஸ்டர் முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு இரண்டாவது கேள்விக்குக் கைதட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்!

பலத்தைப் பற்றிப் பேசுவோம். கவசம் போன பிறகு நடந்த சண்டைகளை விட்டுவிடுவோம். அவை கணக்கில் வேண்டாம். கவசமும் குண்டலமும் உடம்போடு ஒட்டியிருந்த காலத்தில் நடந்தவற்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். திரௌபதியின் சுயம்வரத்தில் பிராமண வேஷத்தில் இருந்த அர்ஜுனனோடு கர்ணன் பொருதினான், முடியாமல் விலகிக்கொண்டான். வன பர்வத்தில் கோஷ யாத்திரை வருகிறது. காட்டில் வாடும் பாண்டவர்களைப் பார்த்துச் சிரிப்பதற்கென்றே துரியோதனன் படையோடு போகிறான். சித்திரசேனன் என்ற கந்தர்வனோடு சண்டை மூள்கிறது. கர்ணனுடைய தேர் நொறுங்குகிறது. கர்ணன் என்ன செய்தான்? விகர்ணனுடைய தேரில் தாவி ஏறித் தப்பித்துப் போனான். சோறு போட்ட சிநேகிதன் கட்டுண்டு கிடந்தான். அவனை மீட்டவர்கள் அர்ஜுனனும் பீமனும் நகுல சகதேவர்களும், அனுப்பியவன் தருமன். கவசம் இருந்தது, குண்டலம் இருந்தது, சக்கரம் பூமியில் புதையவில்லை, கண்ணனும் அங்கே இல்லை. இந்தக் கதையைக் கர்ணன் கட்சிக்காரர்கள் எவரும் மேடையில் சொல்லிக் கேட்டதில்லை. விகர்ணன் என்ற பெயரைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

அடுத்தது நம் ஊர்ச் சண்டை. நம் ஊர் என்று ஏன் சொல்கிறேன் என்றால், திருப்பூருக்கு அந்தப் பெயர் வந்ததே அந்தச் சண்டையால்தான் என்று இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். விராட ராஜாவின் பசுக்களைக் கௌரவர்கள் ஓட்டிக்கொண்டு போனார்கள். அர்ஜுனன் அவற்றை இங்கே திருப்பினான். திருப்பிய ஊர் திருப்பூர். தெற்கே தாராபுரம்தான் விராடபுரம் என்பது அந்த ஊர்க்காரர்கள் கட்சி. ராஜஸ்தானத்தில் ஜெய்ப்பூருக்குப் பக்கத்தில் விராட நகர் என்றே ஓர் ஊர் இருக்கிறது. அவர்களும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். சரித்திரக்காரர்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். நொய்யல் கரையில் மாடு மேய்த்த ஜனங்கள் இந்தச் சண்டையைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்கள்; அதில் அர்த்தம் இருக்கிறது.

அந்தச் சண்டைக்கு யார் வந்தது? காண்டீபம் ஏந்திய விஜயனா? இல்லை. அரண்மனைப் பெண்களுக்கு ஆடலும் பாடலும் சொல்லிக்கொடுத்த பிருகந்நளை. வளையல் போட்டுப் பின்னல் பின்னிய ஒரு பேடி வாத்தியார். முதலில் தேரோட்டியாகத்தான் போனாள். ராஜகுமாரன் உத்தரன் சேனையைக் கண்டதும் தேரிலிருந்து குதித்து ஓடினான். அவனைப் பிடித்து இழுத்து வந்து, வன்னி மரத்தில் மறைத்து வைத்திருந்த ஆயுதங்களை இறக்கி, அவனைத் தேரோட்டச் சொல்லிவிட்டு, ஒற்றை ஆளாகப் பீஷ்மரையும் துரோணரையும் கிருபரையும் அசுவத்தாமனையும் துரியோதனனையும் கர்ணனையும் புறங்கண்டது.

எனக்கு இதில் பிடித்த இடம் சண்டை அல்ல. அவர்கள் புறப்படும்போது உத்தரை என்ற சின்னப் பெண் வாசலுக்கு வந்து ஒரு விண்ணப்பம் செய்கிறாள்: ஜெயித்து வரும்போது என் பொம்மைகளுக்கு நல்ல நல்ல துணியாகக் கொண்டுவா. அர்ஜுனன் அதை மறக்கவில்லை. மோகனாஸ்திரத்தால் எல்லாரும் மயங்கிக் கிடக்கும்போது உத்தரனை அனுப்புகிறான். துரோணர், கிருபர் மேலிருந்த வெள்ளைத் துணி. துரியோதனனும் அசுவத்தாமனும் உடுத்தியிருந்த நீலம். கர்ணன் உடுத்தியிருந்த மஞ்சள். பீஷ்மர் மாற்று அறிந்தவர், அவர் மயங்கவில்லை, அவரைத் தொடாமல் வா என்று எச்சரிக்கையும் கூட. பாரதத்துப் பெரும் பலசாலிகளின் பட்டாடைகள் எல்லாம் ஒரு குழந்தையின் பொம்மைக்குக் கட்டிங் வேஸ்ட்டாகப் போய்ச் சேர்ந்தன! இதை நான் சொன்னபோது அங்கே இருந்த டெய்லர்கள் சிரித்த சிரிப்பில் பொரித் தட்டு கவிழ்ந்தது. உலகத்துக்கே உள்ளாடை தைத்து அனுப்புகிற ஊரில் இந்தக் கதையைச் சொல்லாமல் வேறு எங்கே சொல்வது?

கட்டிங் மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. “துணியை உருவுறது வீரமுங்களா?” என்று கேட்டார்.

நல்ல கேள்வி. பதிலும் சொல்கிறேன். துணியை உருவுகிற பேச்சை பாரதத்தில் முதலில் எடுத்தது யார்? சூதாட்ட சபையில் திரௌபதி நின்று நியாயம் கேட்கிறாள். பீஷ்மர் தருமத்தின் கதி சூட்சுமமானது என்கிறார். துரோணர் வாய் திறக்கவில்லை. அப்போது துரியோதனனின் தம்பிகளில் ஒருவன் எழுந்து நிற்கிறான். தன்னைப் பணயம் வைத்துத் தோற்றவனுக்கு மனைவியைப் பணயம் வைக்க உரிமை ஏது, இது அநியாயம் என்று சபைக்கு நடுவில் சொல்கிறான். அவன்தான் விகர்ணன். அவனைச் சிறுபயல் என்று அதட்டி உட்கார வைத்தது யார் தெரியுமா? கர்ணன். அதோடு நிற்கவில்லை, பாண்டவர் துணியையும் பாஞ்சாலி துணியையும் களைந்துவிடு என்று துச்சாதனனுக்குச் சொன்னதும் அவன்தான். பாரதியார் ‘பாஞ்சாலி சபத’த்தில் இந்தக் கட்டத்தை விடாமல் எழுதியிருக்கிறார், எடுத்துப் படித்துப் பாருங்கள். விராட நாட்டில் கர்ணன் உடம்பிலிருந்து போன அந்த மஞ்சள் துணிக்குக் கணக்கு இங்கே இருக்கிறது.

கர்ணன் தின்ற அதே சோற்றைத்தான் விகர்ணனும் தின்றான். அதே அரண்மனை, அதே உப்பு. சொல்லப் போனால் அவன் கூடப் பிறந்தவன். கடன் இன்னும் ஜாஸ்தி. அந்தச் சோற்றைத் தின்றுவிட்டு அவனுக்கு வாய் வந்தது, கர்ணனுக்கு வரவில்லை. கடைசியில் அவனும் அண்ணன் பக்கமே நின்று பீமன் கையால் மாண்டான் என்பது வாஸ்தவம். ஆனால் அந்த ஒரு நாழிகை அந்தச் சபையில் அவனைவிடப் பலசாலி எவன் இருந்தான்? நான் தீர்ப்புச் சொன்னேன்: கட்சி கட்டி வந்த இருவரில் அர்ஜுனன்தான் பலசாலி, கட்சி இல்லாமல் வந்திருந்தால் விகர்ணனுக்கே மாலை போட்டிருப்பேன்.

அர்ஜுனன் கட்சிக்காரர்களும் அதிகம் குதிக்க வேண்டாம் என்று அதோடு ஒரு வார்த்தை சேர்த்தேன். கண்ணன் போன பிறகு துவாரகைப் பெண்களை அழைத்துக்கொண்டு வருகிறான் அதே அர்ஜுனன். வழியில் தடிக்கம்பு பிடித்த திருடர்கள் மறிக்கிறார்கள். காண்டீபத்தில் நாண் ஏற்றவே அவன் திணறுகிறான். அஸ்திர மந்திரங்கள் நினைவுக்கு வரவில்லை. கண்ணெதிரே பெண்களை இழுத்துக்கொண்டு போகிறார்கள். அனுமாருக்கோ தம் பலம் தமக்கே தெரியாது, ஜாம்பவான் சொல்ல வேண்டும். வாலிக்கு எதிராளியின் பாதிப் பலம் வந்து சேர வேண்டும். நம் கதைகளில் பலம் என்பது ஒருவன் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் சொத்தாக ஒருபோதும் இருந்ததில்லை. அது வரும், போகும். காமிக்ஸ்காரர்கள் மாதிரி இவனுக்கு இத்தனை டன் தூக்குவான் என்று பட்டியல் போட நம் கவிகளுக்கு மனசு வரவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் பதினேழு கடிதங்கள் வந்திரா. நன்றியுரை சொல்லக் கம்பெனியின் பெரிய மனிதர் ஒருவர் எழுந்தார். நல்லவர்தான், எனக்குச் சால்வை போர்த்தியவர். நடுவர் தீர்ப்பு எப்படி இருந்தாலும் தமக்குக் கர்ணன்தான் பெரியவன் என்றார். ஏனென்றால் கர்ணனிடம் விசுவாசம் இருந்தது. செஞ்சோற்றுக் கடன் தீர்த்தான். இங்கே இருக்கிற ஒவ்வொருவரும் கர்ணனாக இருந்தால் இந்தக் கம்பெனி எங்கேயோ போய்விடும் என்றார். கைதட்டல். தீபாவளி போனஸ் பேச்சு அப்போதுதான் அந்தக் கம்பெனியில் நடந்துகொண்டிருந்தது என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. ஆனால் அந்தக் கைதட்டலைக் கேட்டபோதே எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. மைக்கைத் திரும்ப வாங்கினேன். நடுவர் செய்யக்கூடாத காரியம், ஒப்புக்கொள்கிறேன்.

நான் கேட்டது ஒன்றுதான். சோறு யார் யாருக்குப் போடுகிறார்கள்? துரியோதனன் கர்ணனுக்கு அங்க நாட்டைக் கொடுத்தான். கர்ணன் அதற்காக ஒன்றரை ஷிப்ட் நின்றானா? சனிக்கிழமை சாயங்காலம் சம்பளக் கவருக்குள் இருப்பது தானமா, கூலியா? கூலிக்குக் கடன் ஏது? 1984-ல் இந்த ஊர்ப் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலை நிறுத்தம் செய்தார்கள். அவர்கள் எல்லாம் சோற்றுக்கு நன்றி இல்லாதவர்களா? இந்த ஊரில் மெஷினில் உட்கார்ந்து தைத்தவர்களில் எத்தனையோ பேர் பிற்பாடு சொந்தக் கம்பெனி வைத்தார்கள். அவர்கள் எல்லாம் கர்ணனாக இருந்திருந்தால் திருப்பூரில் இன்றைக்குக் கம்பெனி எத்தனை இருக்கும்? எண்ணிப் பார்க்க வேண்டாமா?

2021-ல் மாரி செல்வராஜ் ‘கர்ணன்’ என்றே ஒரு படம் எடுத்தார். அந்தக் கர்ணன் யாருடைய சோற்றுக்கும் கடன்படவில்லை. பஸ் நிற்காத தன் ஊருக்காக வாளை எடுத்தான். அந்தக் கர்ணனைக் காட்டி அந்தப் பெரிய மனிதர் நன்றியுரை சொல்லியிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்.

சபையில் ஒரு சலசலப்பு. யாரும் கைதட்டவில்லை, அதுவும் சொல்லிவிடுகிறேன். கட்டிங் மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு பொரியில் இருந்த நிலக்கடலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். செக்கிங் பகுதியில் வேலை செய்கிற ஓர் அம்மாள், அறுபதை நெருங்கும் வயசு, பக்கத்தில் வந்து நின்றாள்.

“ஏனுங்க சாமி, எல்லாரையும் சொன்னீங்க. எங்க அண்ணமாரச் சொல்லாமப் போட்டீங்களே?”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கொங்கு நாட்டில் நின்றுகொண்டு பொன்னர் சங்கரை மறந்துபோன நடுவர்! 1965 வாக்கில் காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஓலப்பாளையத்தில் தங்கி, பிரெண்டா பெக் என்ற அம்மையார் அந்தக் கதையை இரவு இரவாகப் பாடக் கேட்டுப் பதிவு செய்துகொண்டு போனார். 1982-ல் ஆங்கிலத்தில் அதைப் பற்றிப் புத்தகமே வந்துவிட்டது. கடல் கடந்து வந்தவருக்குத் தெரிந்தது எனக்கு மறந்துவிட்டது. சமாளிக்கப் பார்த்தேன். “சங்கர்தானம்மா பலசாலி? கொம்பன் பன்றியைக் கொன்றவன் ஆயிற்றே!” என்றேன்.

“அதேன் இல்லீங்கறேன். அத்தனை வேட்டை நாயிருந்து என்ன பண்ணுச்சுங்க? பொன்னாச்சின்னு ஊட்டுல ஒரு சின்னப் பொட்டை நாயி. இத்தினிக்கோண்டு. இது எதுக்கு ஆகும்னு உட்டுப்போட்டு வேட்டைக்குப் போயிட்டாங்க. அது மனசு நொந்து போச்சு. அப்பறம் பன்னியண்ட முடியாமப் போயி, அதைக் கும்புட்டு இட்டாந்தாங்க. அதும்போயிப் பன்னியைக் கடிக்காத எடத்துல கடிச்சுது பாருங்க, பன்னி சோந்துபோச்சு. அதுக்கப்பறந்தான் உங்க சங்கரு ஈட்டியத் தூக்குனாரு. அந்த நாயி இல்லீன்னா சங்கரு ஏதுங்க?”

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “கடைசீல படுகளத்துல செத்துக்கெடந்த அண்ணமார எழுப்புனது யாருங்க? தங்காதானுங்களே. எழுப்பறவளுக்கு என்ன பேருங்க, பலசாலின்னு இல்லீங்களா?” என்றாள். வீரப்பூரில் மாசித் திருவிழாவுக்கு வருஷா வருஷம் போகிறவளாம். பதில் சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. போனஸ் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். “போன வருசத்துக்கும் கம்மியில்லாமக் குடுத்தாச் சரிங்க” என்றாள். அதற்குள் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. தூக்குப் போசியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

விலாசம் இல்லாத கடிதத்தை எழுதியவர் யார் என்று நான் ஆராயவில்லை. கையெழுத்து அழகான கையெழுத்து. துணியில் சாக்பீஸால் கோடு போட்டுப் பழகிய கை மாதிரி எனக்குத் தோன்றியது, தப்பாகவும் இருக்கலாம். அவருக்கு ஒரு வார்த்தை: ஐயா, சோற்றுக்கு நான் நன்றி உள்ளவன்தான். அன்றைக்கு உங்கள் கம்பெனியில் சாப்பிட்ட சுண்டல் நன்றாக இருந்தது.

அடுத்த ஆயுத பூஜைக்கு வேறு ஒரு நடுவரைப் பேசி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். தலைப்பு அதேதானாம். பொன்னாச்சியின் கட்சிக்குப் பேச ஆள் உண்டா என்று மட்டும் விசாரித்து எழுதும்படி சொல்லியிருக்கிறேன்.